உள்ளே ஆள் இல்லை

கப்பலுக்கு ஓய்வு என்று அறிவிப்பு வந்தபோது நியூபோர்ட் நியூஸ் ஊரில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கினார்கள். வெர்னெல் பாய்க்கின்ஸ் மட்டும் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கரோலினாவில் இருக்கும் தங்கை எர்லீனுக்குப் போன் போட்டாள்.

"கிழவிக்கு நாள் குறிச்சுட்டாங்கடி."

"எந்தக் கிழவிக்கு? உனக்கா?"

"கப்பலுக்குடி. அது போற அன்னைக்கே நானும் கிளம்பிடுவேன். உன் கீழ் ரூமைப் பெருக்கி வை."

"இதையே எத்தனை வருஷமாச் சொல்ற அக்கா? அந்த ரூம்ல நான் தையல் மெஷினைப் போட்டுட்டேன்."

"எடுத்துடு," என்றாள் வெர்னெல்.

கிழவி என்பது அவளைக் கட்டிய கப்பல் யார்டு ஆட்கள் வைத்த பெயர். கடற்படை வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லும்போது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல். மேல்தளத்தில் விமானங்கள் ஏறி இறங்கும், அடிவயிற்றில் அணு உலைகள் எரியும். கிழவி போகாத கடல் கிடையாது. ஆனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை பழுது பார்த்துக்கொள்ள பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி இதே யார்டுக்குத்தான் வந்து நிற்பாள். வெர்னெலுக்கு அவளுடைய மேல்தளத்தைவிட அடிவயிறுதான் பழக்கம். கிழவி கன்னியாக இருந்த காலத்தில், அதாவது இந்த யார்டில் அவளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வெர்னெலும் பத்தொன்பது வயசுப் பெண்தான். யார்டில் வெல்டராகச் சேர்ந்த முதல் பெண்களில் ஒருத்தி. ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு நர்ஸ் படிக்கப் போவதாகத் திட்டம்.

கப்பலின் அடியிலும் பக்கங்களிலும் முழுக்க டேங்குகள். நாலாபுறமும் இரும்பு அடைத்த அறைகள். தோளைக் குறுக்கினால்தான் நுழைய முடிகிற ஒரு முட்டை வடிவத் துளை, அது ஒன்றுதான் வாசல். உள்ளே வெல்டிங் புகை. வெளிக்காற்றைக் குழாய் வழியாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் துளையின் வாயில் ஒரு காவல் ஆள் உட்கார்ந்திருப்பார். இறங்குகிறவர்கள் தங்கள் நம்பர் அடித்த பித்தளை வில்லையை அவர் பக்கத்தில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, பலகை காலியென்றால் இல்லை. வேலை முடிந்ததும் காவல் ஆள் துளைக்குள் தலையை விட்டு மூன்று தடவை "உள்ளே ஆள் உண்டா?" என்று கூப்பிடுவார். பதில் இல்லையென்றால், பலகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ளே ஆள் இல்லை!" என்று உரக்கச் சொல்வார். மூடியை வைத்துப் போல்ட் முடுக்கிவிடுவார்கள்.

எடுத்த வில்லையைச் சாயங்காலம் டூல் ரூம் ஜன்னலில் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்த வரிசை இருக்கிறதே, ஆற்றங்கரைக் குளிரில் அது நகரவே நகராது. அதற்குப் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவன் முன்னால் போய், கூட்டாளியின் வில்லையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பான். கூட்டாளி ஏறி வந்தபிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் அவனைக் கேட்டு எடுக்க வேண்டும். யாராவது ஒரு பெண்ணுக்கு வில்லை பிடித்தால் அவள்மேல் கண் என்று யார்டு முழுக்கத் தெரிந்துவிடும். போர்மேன்கள் கத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

ஒரு பிப்ரவரி மாதம் வெர்னெல் டேங்குக்குள் தூர மூலையில், மூன்று தடுப்புகளுக்கு அப்பால், வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் அடைப்பான். விளக்கு அணைந்தது. முதலில் அவள் திட்டினாள். அப்புறம் காற்றுக்குழாயின் இரைச்சலும் நின்றது. அடைப்பானை எடுத்தாள். தலைக்கு மேலே போல்ட் முடுக்கும் சத்தம். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிக்கொண்டே வந்தார்கள். அவள் கத்தியது அவளுக்கே எதிரொலியாகத் திரும்பி வந்தது. அடுத்த ஷிப்டில் அந்த டேங்கில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கையில் சுத்தியல் இருந்தது. தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கை மரத்துப்போய் சுத்தியல் விழுந்தது; இருட்டில் தேடிக் கிடைக்காமல் முஷ்டியால் தட்டினாள். அன்றைக்குப் போட்ட கூச்சலில் குரல் கொஞ்சம் கம்மிப்போனது, இன்றுவரை சரியாகவில்லை.

மூடியைத் திறந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தவன் குழாய் பொருத்துகிற ஹோரஸ் பாய்க்கின்ஸ்.

வில்லை பலகைக்கு நேர் கீழே தரையில் கிடந்தது. காவலில் இருந்தவன் ஜூனியஸ். நெட்டையன், துளைக்குள் தலையை விட்டுப் பாட்டுப் பாடுவான், உள்ளே இருப்பவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. வெர்னெலுக்கு அவனைப் பிடிக்கும். பிடிக்கும் என்றால், கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். "மூணு தடவை கூப்பிட்டேன், பலகை காலியா இருந்துச்சு, பைபிள் மேல சத்தியம்," என்று அவன் அழுதான். வில்லை கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்லி அன்றைக்கே அவனை வேலையை விட்டு எடுத்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்க வீட்டு வாசலுக்கு வந்தபோது வெர்னெல் கதவைத் திறக்கவில்லை. பால்டிமோர் போய்விட்டான். போன வருஷம் அவன் இறந்துபோனதாக எர்லீன் சொன்னாள். வெர்னெல் ஒரு பூங்கொத்துகூட அனுப்பவில்லை.

அதன்பிறகு அவள் எந்த டேங்குக்குள்ளும் இறங்கவில்லை. வேலையை விட்டுப் போகவும் இல்லை. ஜூனியஸ் உட்கார்ந்த ஸ்டூல் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

ஹோரஸைக் கட்டிக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றியவன் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் அந்தக் கடன் இருந்ததே, அது தீரவே இல்லை. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தபோது ஹோரஸ், "நீ ராத்திரி வேலைக்குப் போனா வீடு வீடாவா இருக்கும்?" என்றான்; அவள் போகவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் ஆற்றோரம் ஒரு வீடு வந்தபோது, கப்பல் தெரிகிற வீடுதான் வேண்டும் என்று ஈஸ்ட் எண்ட் பகுதியில் இந்த வீட்டை வாங்கினான். அவள் வாயைத் திறக்கவில்லை. எதற்காவது அவள் முகம் சுருங்கினால் ஹோரஸ் கதையை எடுத்துவிடுவான். "நான் மட்டும் அன்னைக்கு அந்தப் பக்கமா நடந்து போகாம இருந்திருந்தா! சுத்தியல் சத்தம் என் காதுல மட்டும் விழாம இருந்திருந்தா!" கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் சர்ச் விருந்தானாலும் அந்தக் கதை உண்டு. கேட்கிறவர்கள் வெர்னெலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் சிரித்து வைப்பாள். நாற்பத்தைந்து வருஷம் சிரித்து வைத்தாள் என்றால் எனக்கே தாடை வலிக்கிறது.

இப்போது ஹோரஸுக்கு நுரையீரல் போய்விட்டது. வரவேற்பறையில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் உறுமும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் அவன் மூக்குக்குப் போகும். அவன் எந்த அறைக்குப் போனாலும் குழாய் பின்னாலேயே வரும், வெர்னெல் அதைத் தாண்டித் தாண்டி நடப்பாள். மாடி ஜன்னல் வரைக்கும் எட்டுகிற மாதிரி வாங்கி வைத்திருக்கிறான். காலையில் எழுந்ததும் அங்கேதான் போய் நிற்பான்.

"எர்லீன் வீட்டுல கீழ் ரூம் காலியா இருக்கு, ஹோரஸ். படி ஏற வேண்டாம். காத்தும் நல்லா இருக்கும்."

"என் கப்பலை விட்டுட்டு நான் எங்கயும் வரல."

"அதுவே போகப்போகுது."

"போகட்டும், அப்ப பாத்துக்கலாம்."

அந்த ஒரு சொல்லைத்தான் வெர்னெல் முந்தானையில் முடிந்து வைக்காத குறையாகப் பத்திரப்படுத்தினாள். கிழவியின் விடைபெறு விழா எந்த நாளோ அந்த நாளையே வேலையில் தன்னுடைய கடைசி நாளாகவும் யார்டில் எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் கிழவி போகிற மாதிரி தெரியவில்லை. சாதாரணப் போர்க்கப்பல் என்றால் அருங்காட்சியகமாக்கிப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம், இல்லை நடுக்கடலில் மூழ்கடிக்கலாம், இல்லை பழைய இரும்புக்குப் போடலாம். இவள் வயிற்றில் அணு உலை இருக்கிறதே. எரிபொருளை எடுத்து ரயிலில் ஏற்றி மேற்கே தூரமாக எங்கேயோ அனுப்பினாலும் உலைகள் உள்ளேயே நிற்கும். அவற்றை வெளியே எடுக்க வேண்டுமானால் தளம் தளமாகக் கிழிக்க வேண்டும்; கிழித்தபிறகு காட்டுவதற்குக் கப்பல் எங்கே இருக்கிறது? கிழிப்பது எந்த ஊரில், யார் கையால், எந்த வருஷம் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் அவளை இதே கரையில் கட்டிவைப்பது என்று முடிவானது.

ஹோரஸுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா வெர்னெல்? ஓய்வு கொடுத்துட்டாங்க, ஆனா அது எங்கயும் போகாது. நம்ம காலம் முடியுறவரைக்கும் ஜன்னல்லயே நிக்கும். நாமளும் இங்கயே இருந்துக்கலாம்."

வெர்னெல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். எர்லீனுக்கு அன்று போன் போடவில்லை. அவளே கூப்பிட்டபோது, "தையல் மெஷின் அங்கயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

விழா கப்பலுக்குள்ளேயே, விமானங்களை நிறுத்தும் கூடத்தில் நடந்தது. கொடி இறக்கினார்கள், வாத்தியம் வாசித்தார்கள், ஒரு அதிகாரி அழுதார். கிழவியைக் கட்டியவர்கள் என்று யார்டின் பழைய ஆட்களை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஹோரஸ் சிறிய ஆக்சிஜன் பாட்டிலைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு சூட்டும் கோட்டுமாக வந்திருந்தான். அன்று காலையில்தான் வெர்னெல் கடைசியாக டூல் ரூம் ஜன்னலுக்குப் போயிருந்தாள். யார்டில் மற்ற எல்லா இடத்துக்கும் பிளாஸ்டிக் கார்டு வந்துவிட்டது, டேங்க் வாயில் மட்டும் இன்னும் பித்தளைதான். வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அவர்களுடைய வில்லையையே கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். அதே நம்பர், ஓரம் தேய்ந்த அதே வில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் அவர்கள் எதிரே டெலேனி என்று ஒரு கடற்படைப் பெண் வந்து உட்கார்ந்தாள். நெப்ராஸ்காவின் சோளக்காட்டுப் பக்கம். தட்டு நிறைய உருளைக்கிழங்கு சாலடும் வறுத்த மீனும்.

"எத்தனை கடல் பாத்த பொண்ணே?" என்று ஹோரஸ் கேட்டான்.

"கடலா? நல்லா கேட்டீங்க ஐயா. மூணு வருஷமா இந்தக் கப்பல்ல இருக்கேன், இது ஒரு அடி நகரல. எங்க அம்மா தினமும் போன்ல 'அலை ஜாஸ்தியா இருக்கா கண்ணு'ன்னு கேக்குறாங்க. ஆமாம்மான்னு சொல்லிட்டிருக்கேன்."

வெர்னெல் வாய்விட்டுச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த உண்மையான சிரிப்பு. அது ஹோரஸுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, கதையை எடுத்துவிட்டான். பிப்ரவரி, குளிர், டேங்க், மூடி, அந்தப் பக்கமாக நடந்து போனது, சுத்தியல் சத்தம்.

டெலேனி மீனை மென்றுகொண்டே கேட்டாள். பாவம், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. "ஒரு சந்தேகம் ஐயா. ஷிப்ட் மாறுற நேரம்னா யார்டுல காது கிழியுமே. பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. அவ்ளோ கனமான இரும்புக்குள்ள ஒரு சுத்தியல் சத்தம் நடந்து போற உங்க காதுல எப்படி விழுந்துச்சு?"

மேஜையில் இருந்த பழைய ஆட்கள் சிரித்தார்கள். ஹோரஸுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நடந்து போனா கேக்காதும்மா, தெரிஞ்சு தேடிப் போனா கேக்கும். நான் டூல் ரூம் வரிசைல நிக்கிறேன். குளிர் எலும்புக்குள்ள போகுது. பின்னாடி இருக்கிறவன் முன்னாடி போடான்னு தள்ளுறான். ஜன்னலுக்குப் பக்கத்துல வந்துட்டேன், கையை விரிச்சுப் பாக்குறேன், ரெண்டு வில்லை இருக்கு. அப்பத்தான் சுரீர்னு உறைச்சுது, இவ எங்கன்னு. ஓடினேன் பாரு ஒரு ஓட்டம்!"

"அட!" என்றாள் டெலேனி. "இப்பப் புரியுது." மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கேக் வெட்டப் போனார்கள். எத்தனையோ தடவை கேட்ட கதை, யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

வெர்னெல் கேட்டாள். கைப்பையின் மேல் வைத்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பலகையைப் பார்த்தே ஆயுசைக் கழித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய வில்லை தரையில் விழவில்லை. அது வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஹோரஸ் அவள் முகத்தைப் பார்த்தான். டீ டம்ளரை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான்.

காரில் ஏறி உட்கார்ந்தார்கள். வெர்னெல் சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"என் வில்லை உன் கைக்கு எப்படி வந்துச்சு, ஹோரஸ்?"

ஹோரஸ் ஆக்சிஜன் பாட்டிலின் திருகைத் தொட்டுப் பார்த்தான்.

"குளிரா இருந்துச்சு வெர்னெல். வரிசை ரொம்ப நீளம். நீயும் ஏறி வந்துட்டிருப்பன்னு நினைச்சேன். ஜூனியஸ் காத்துக்குழாயைச் சரி பண்ணத் திரும்பினான், எடுத்துட்டேன். வரிசைல உனக்கு முன்னாடி நின்னா நீ பாத்துச் சிரிப்பன்னு..."

"நான் கேட்டேனா?"

"கேக்கல."

"திறக்க ஓடி வந்தப்ப வில்லையைக் கீழ போட்டது நீ."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"ஜூனியஸ் பைபிள் மேல சத்தியம் பண்ணி அழுதான். நீ பக்கத்துல நின்ன. நான் அவனுக்குக் கதவைத் திறக்கல. செத்துப்போனான் ஹோரஸ், ஒரு பூ அனுப்பல நான்."

"மறுநாளே சொல்லிடலாம்னுதான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ என் கையைப் புடிச்சுக்கிட்ட. அப்படி யாரும் என்னைப் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாப் போச்சு. கப்பல் போற அன்னைக்குச் சொல்லிடணும்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன்."

"அது எங்க போகுது?" என்றாள் வெர்னெல். வண்டியைக் கிளப்பினாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் முதலில் தன்மேலேயே வந்தது. யாரோ ஊர் பேர் தெரியாத கப்பல்காரப் பெண் மீனை மென்றுகொண்டே கேட்ட கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒரு தடவை தான் கேட்கவில்லையே என்று. நன்றி என்று நினைத்துக் கொடுத்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். படிப்பு, ஆற்றோர வீடு, சிரித்து வைத்த சிரிப்பு. மூடியைத் திறந்து வெளியே இழுத்தான் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாள். அந்தத் துளையிலிருந்து ஏறி இன்னொன்றுக்குள் இறங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெட்டி கட்டினாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஹோரஸின் அக்கா மகள் டவாண்டாவைக் கூப்பிட்டு, எந்த மாத்திரை எப்போது, மெஷின் வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்று காட்டிக்கொடுத்தாள். ஹோரஸ் மாடி ஜன்னலை விட்டுக் கீழே இறங்கி வந்தான், குழாய் படியில் பின்தொடர்ந்து வந்தது.

"என்னை விட்டுட்டுப் போறியா?"

"எர்லீன் கீழ் ரூம்ல ரெண்டு கட்டில் போட இடம் இருக்கு. வர்றேன்னா ஒரு போன் போடு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து இரு. இங்க நான் வரமாட்டேன்."

"அங்கேருந்து கப்பல் தெரியுமா?"

"தெரியாது."

ஹோரஸ் குழாயைச் சரிசெய்துகொண்டான். அவன் வாய் கதையைத் தொடங்கப் பார்த்ததோ என்னவோ, பழக்கதோஷத்தில் "நான் மட்டும் அன்னைக்கு..." என்று வந்து, பாதியில் நின்றது. பயந்துபோன கிழவனாக வாசலில் நின்றான். அவளுக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. பரிதாபத்தை வைத்து இன்னொரு நாற்பது வருஷம் இருக்க முடியாது என்றும் இருந்தது.

கைப்பையைத் திறந்து பித்தளை வில்லையை எடுத்தாள். அவன் உள்ளங்கையைப் பிடித்து, அதில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"நீயே வச்சுக்கோ ஹோரஸ். இந்தத் தடவை உள்ளே ஆள் இல்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தரையில் கிடந்த குழாயைத் தாண்டி, வெளியே போனாள்.